வாசனை சோப்பில் துவைத்த கம்பளி

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைச் சுமந்து லாரியில் ஏற்றுவது அவருக்குத் தொழில். இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் தூக்கி மாடியிலிருந்து இறக்குவார் என்பதால் கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயரும் பீரோதான். வாய் பேசுவதற்குள் கை பேசிவிடும் ஆள். கண்ணாடியை உடைத்துவிட்டாய் என்று வீண்பழி போட்ட ஒரு வீட்டுக்காரரை, அந்தக் கண்ணாடி பீரோவுக்குள்ளேயே தள்ளிப் பூட்டியவர். அப்பேர்ப்பட்டவருக்கு ஊசியைக் கண்டால் மட்டும் முகம் வெளுத்துவிடும்.

அவருடைய மகளுக்கு ஏழு வயது. உலகம் அவளுக்கு எப்போதும் சத்தம் கூடுதலாகவும் வெளிச்சம் கூடுதலாகவும்தான் இருந்தது. மெல்லத் தொட்டால் சூடு வைத்தாற்போல் துடிப்பாள், இறுக்கிப் பிடித்தால் அடங்குவாள். ஒருநாள் அவள் சுவரில் தலையை முட்டி அலறியபோது, வேறு வழி தெரியாமல், சாமான் சுற்றும் கம்பளியில் அவளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டார். டீசலும் தூசியும் நாறும் அந்தக் கம்பளிக்குள் பிள்ளை அப்படியே தூங்கிப்போனது. அன்றிலிருந்து கம்பளி அவளுடையது.

இப்போது அவளுக்குக் காதில் சீழ், இறங்காத காய்ச்சல். இரண்டு ஆஸ்பத்திரிகளில் துரத்திவிட்டார்கள். முதலாவதில் அவள் நர்ஸின் கையைப் பிறாண்டிக் கிழித்தாள். இரண்டாவதில் அவள் மண்டை மோதி அம்மாவின் மூக்கு உடைந்தது. பீரோ அங்கே டாக்டரின் மேசையையே கவிழ்த்துவிட்டு வந்தார். இனியும் தள்ளிப்போட்டால் காது போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது இந்த டாக்டரம்மா ஒருத்திதான்.

“அங்கயும் கைய நீட்டுனீங்கன்னா அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்,” என்றாள் மனைவி, மூக்குக் கட்டோடு.

“நீட்ட மாட்டேன்.”

மானமாகப் போய் வரவேண்டும் என்றுதான் அவர் புதுச்சட்டை போட்டார். அழுக்குக் கம்பளியைப் பார்த்து டாக்டரம்மா முகம் சுளிக்கக் கூடாதென்று, முந்தின நாளே அதை வாசனை சோப்பில் ஊறவைத்துத் தன் கையாலேயே துவைத்துக் காயவைத்தார். அந்த ஒரு நல்ல காரியம் போதாதா, குடியைக் கெடுக்க.

காத்திருக்கும் கூடத்தில் டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்தது. யாரோ போனில் பாட்டு வைத்தார்கள். மகள் தலையை ஆட்டத் தொடங்கியதும் பீரோ பையிலிருந்து கம்பளியை உருவிப் போர்த்தினார். அவள் ஒருமுறை மோந்து பார்த்தாள்.

“நாறுது. இது என்னுது இல்ல.”

அவ்வளவுதான். அவர் கன்னத்தில் நகம் இறங்கியது. நாற்காலிகள் சரிந்தன. அவள் நெற்றியைச் சுவரில் மோதினாள், ரத்தம் வந்தும் மோதினாள். ஒருத்தர் எழுந்து, “பிள்ளையா பிசாசா,” என்றார். பீரோ பல்லைக் கடித்துக்கொண்டு கைகளைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். வார்டு ஆள் ஓடி வந்தார்.

“இப்படிக் கொஞ்சிட்டிருந்தா வேலைக்காகாது,” என்று அவளைத் தரையில் தள்ளி, கால்மேல் முழங்காலை ஊன்றி, தலையைப் பிடித்து அழுத்தினார். அவர் உள்ளங்கை போய் உட்கார்ந்தது சீழ்க் காதின் மேல்.

அவள் போட்ட சத்தத்தில் பீரோவின் கை வெளியே வந்துவிட்டது. ஒரே குத்து. உதடு பிளந்து வார்டு ஆள் நாற்காலிகளுக்கு நடுவே விழுந்தார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்துபோயிற்று என்றுதான் பீரோவும் நினைத்தார்.

வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தாள்.

“போலீஸக் கூப்பிடுங்கம்மா, நான் எங்கயும் ஓட மாட்டேன். மொதல்ல காதைப் பாத்துடுங்க,” என்றார் அவர்.

“அந்தக் கணக்கு அப்புறம். இவ எப்படி அடங்குவா?”

மனைவி கம்பளிக் கதையைச் சொன்னாள். டாக்டரம்மா கம்பளியை மோந்து பார்த்துவிட்டு அவர் சட்டையையும் பார்த்தாள். “இந்தப் புதுச்சட்டையக் கழட்டுங்க. உள்ள வந்து தரையில படுங்க. நீங்கதான் இன்னிக்கு கம்பளி.”

விளக்கை அணைத்தார்கள். பீரோ மகளை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்து, காலால் அவள் காலைப் பின்னிக்கொண்டார். அவள் அவர் முன்கையைக் கவ்வினாள். தோல் கிழிந்தது.

“கடிடா கண்ணு. இன்னும் நல்லா கடி.”

வருஷக்கணக்கில் லாரியில் ஊறிய உடம்பு அது, எந்த சோப்புக்கும் அசையாது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் அவள் அலறல் நின்றது. பல் மட்டும் விடவில்லை. டாக்டரம்மா மண்டியிட்டு, சின்ன டார்ச் வெளிச்சத்தில் இடுக்கியை உள்ளே விட்டாள். ரத்தமும் சீழுமாக வந்தது ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. சாமான் ஏற்றும்போது கண்ணாடி உடையாமலிருக்க பீரோ வைத்துக் கட்டுவாரே, அதே ஸ்பாஞ்சு.

“சத்தம் கேக்காம இருக்க அவளே அடைச்சிருக்கா,” என்றாள் டாக்டரம்மா. “காது பொழச்சிடும். உங்க கைக்கு ஊசி போடணும்.”

ஊசியோடு வந்தது வார்டு ஆள். உதட்டில் பஞ்சு. அவருக்கு அவசரமே இல்லை.

“தம்பி, பாத்து மெதுவா,” என்றார் பீரோ. முகம் சுண்ணாம்பாகி, சுவரோரம் குந்திவிட்டார்.

மேசைக்கடியில் ஒதுங்கியிருந்த மகள் வெளியே வந்தாள். அப்பாவைத் தரையில் தள்ளினாள். மார்பின்மேல் ஏறித் தன் முழுப் பாரத்தையும் வைத்து உட்கார்ந்தாள். பிறகு தன் குச்சிக் கையை அவர் வாயில் திணித்தாள்.

“கடிப்பா. நல்லா கடி.”

அவர் அந்தக் கையைப் பல் படாமல் உதட்டில் பொத்தி வைத்துக்கொண்டு அழுதார். ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி வார்டு ஆள் அவர் அழுது முடிக்கும்வரை நின்றார்.