சாமத்திய வீட்டை ஒத்திவைத்த கோடை

சந்திரகாந்தியிடம் ஒரு பழக்கம் இருந்தது. பணம் கட்டச் சொல்லித் தபாலில் எது வந்தாலும் அன்றைக்கே கட்டிவிடுவாள். மின்சாரக் கட்டணமோ, பள்ளிக்கூடச் சுற்றுலாவோ, யாரோ ஒரு நிறுவனம் அனுப்பிய விளம்பரமோ, கீழே ஒரு வங்கிக் கணக்கு எண் இருந்தால் போதும், மத்தியானச் சோற்றைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு வங்கிக்கு ஓடுவாள். ஏன், எதற்கு என்று கேட்கமாட்டாள். எண்பத்தொன்பதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, ஏழு வருடம் விசாவுக்காக அலுவலகப் படிகளைத் தேய்த்தவள். "எங்களைத் திருப்பி அனுப்ப அவங்களுக்கு ஒரு சாட்டு வேணும். அதை நாங்களே எடுத்துக் குடுக்கப்படாது" என்பாள். பிரஜாவுரிமை கிடைத்த பிறகும் அந்த ஓட்டம் நிற்கவில்லை.

ஜெர்மனியின் ஹம் நகரத்தில், ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. காலை ஆறு மணிக்கு இஸ்திரி உருளையின் முன்னால் நின்றால் இரண்டு மணிவரை வெள்ளைப் படுக்கை விரிப்புகள் வந்துகொண்டே இருக்கும். கணவர் மகேந்திரராஜா ஒரு பண்டகசாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினார். அதிகம் பேசாத மனிதர். பேச்சுக்கெல்லாம் சேர்த்து அவருடைய அக்கா கமலநாயகி கொலோனில் இருந்தார். இவர்களுக்கு ஒரே பிள்ளை, சாருகா.

சாருகா ஐஸ் ஹொக்கிக்குப் போனது ஒரு விபத்து மாதிரி. எட்டு வயதில் வகுப்போடு ஐஸ் மண்டபத்துக்குப் போயிருந்தாள். அங்கிருந்த பயிற்சியாளர், கோலுக்குள் நிற்க யாருக்குத் துணிவு உண்டு என்று கேட்டிருக்கிறார். ஒரு கையும் எழும்பவில்லை. சறுக்கவே தெரியாத இவள் கையைத் தூக்கிவிட்டாள். கோல் காப்பாளர்களுக்குப் பஞ்சம் என்பதால் கால் கவசம், மார்புக் கவசம், முகமூடி எல்லாவற்றையும் கிளப்பே இரவல் கொடுத்தது. ஆகவே குளிர்காலம் முழுக்க விளையாட்டு கையைக் கடிக்கவில்லை.

சந்திரகாந்தி முதல் தடவை ஆட்டம் பார்க்கப் போன நாளில் சும்மா விறைத்துப்போய் நின்றாள். குளிரினால் மட்டும் அல்ல. வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையை மேசைவரை ஒழுங்காகக் கொண்டுவரத் தெரியாத பிள்ளை அங்கே கறுப்பு ரப்பர் வட்டு ஒன்று காற்றில் கூவிக்கொண்டு வர, பூவைப் பறிப்பது போலக் கையுறையால் எட்டிப் பிடித்தாள். இது என் வயிற்றில் இருந்ததுதானா என்று சந்திரகாந்தி வியந்துபோனாள். அதன் பிறகு ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. விதிகள் மட்டும் கடைசிவரை விளங்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறு பெப்ரவரியில் சாருகா சாமத்தியப்பட்டாள், பெரியபிள்ளையானாள். வீட்டில் தண்ணி வார்த்து, பெரிய சடங்கைக் கோடை விடுமுறையில் வைப்பதென்று முடிவாயிற்று. கமலநாயகி சும்மா இருப்பாரா? ஜூலை முதலாம் திகதி, சனிக்கிழமை, முந்நூறு பேர் இருக்கக்கூடிய மண்டபம். வீடியோக்காரர், பல்லக்கு, மூன்று சேலை என்று எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே ஒழுங்குபடுத்திவிட்டார். சந்திரகாந்தி பிள்ளை பிறந்த நாளிலிருந்து இதற்காகச் சேர்த்து வைத்திருந்தாள். அழைப்பிதழ்கூட அச்சாகி வந்துவிட்டது.

மார்ச் கடைசியில் ஹொக்கிப் பருவம் முடிந்தது. மண்டபத்தில் ஐஸை உருக்கி வடித்துவிட்டு, கவசங்களையெல்லாம் கிளப் திருப்பி வாங்கிக்கொண்டது. அடுத்த வாரம், கோடையில் அணிகள் நடத்தும் ஒரு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. தடித்த தாள், மேலே வெள்ளி நிறத்தில் ஒரு கரடி. உங்கள் மகள் எங்கள் கோடைகால அணிக்குத் தெரிவுசெய்யப்பட்டுள்ளார் என்று முதல் வரி. கீழே அறுநூற்றுத் தொண்ணூறு யூரோவும் கணக்கு எண்ணும்.

தெரிவு என்ற சொல்லோடு சந்திரகாந்தியின் கண் நின்றுவிட்டது. அவள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை எழுதியபோது நாற்பது பிள்ளைகளில் இரண்டு பேர்தான் தெரிவானார்கள். அவள் தெரிவாகவில்லை. அந்த இரண்டு பேரின் பெயரும் இன்றைக்கும் அவளுக்குத் தெரியும். இப்போது தன் பிள்ளையைத் தெரிவுசெய்திருக்கிறார்கள், அதுவும் ஜெர்மன்காரர்! வழக்கம் போல அன்றைக்கே ஓடிப்போய்ப் பணத்தைக் கட்டினாள். வெள்ளிக்கிழமை ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போய், கடிதத்தை அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்தாள். "பிள்ளை எந்தச் சோதினை பாஸ் பண்ணினது?" என்று ஐயர் கேட்டார். அவள் சொன்ன விளக்கத்தில் ஐயருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெயர் நட்சத்திரம் சொல்லி நன்றாகவே மந்திரம் ஓதினார்.

வீட்டுக்கு வந்துதான் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை வாசித்தாள். சுற்றுப்போட்டி ஜூலை முதலாம், இரண்டாம் திகதிகளில், தெற்கே அல்ப்ஸ் மலையடிவாரத்தில், கோடையிலும் ஐஸ் உள்ள ஒரு ஊரில். கோல் காப்பாளர்கள் தங்கள் கவசங்களைத் தாங்களே கொண்டுவர வேண்டும்.

"கட்டின காசைத் திருப்பிக் கேக்கலாம்தானே?" என்றார் மகேந்திரராஜா.

"தெரிவு செய்த பிள்ளையை வேண்டாமெண்டு சொல்லுறதோ? உங்களுக்கு என்ன விசரே?"

சாருகாவைக் கேட்டார்கள். அவள் தாயின் முகத்தையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு விளையாட விருப்பம்" என்று மட்டும் சொன்னாள்.

இனிக் கமலநாயகிக்குச் சொல்ல வேண்டும். மூன்று நாள் தள்ளிப்போட்டு, நான்காம் நாள் தொலைபேசி எடுத்தாள்.

"குமர்ப்பிள்ளையின்ரை சடங்கைவிட விளையாட்டுப் பெரிசோ?" அந்தக் குரலுக்குத் தொலைபேசி தேவையே இல்லை, கொலோனிலிருந்து அப்படியே கேட்டிருக்கும்.

"சும்மா விளையாட்டில்லை மச்சாள். ஜெர்மனியிலை தெரிவு செய்திருக்கினம். எத்தினை ஆயிரம் பிள்ளையளுக்குள்ளை எங்கடை பிள்ளையை!"

அந்த ஆயிரத்தை எங்கிருந்து எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அது பலித்தது. "அப்பிடியெண்டால் சரி" என்றார் கமலநாயகி கடைசியில். "ஐப்பசிக்குத் தள்ளுவம். சனத்துக்கு நான் சொல்லுறன். ஆனா பிள்ளை வெண்டுகொண்டு வரவேணும். என்ரை மரியாதை போயிடும், கண்டியோ."

சனத்துக்குச் சொன்ன அழகை என்னவென்பது! ஏப்ரலில் கோடைகால அணியாக இருந்தது, மே மாதம் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலுக்கு வரும்போது மாநில அணியாகிவிட்டது. ஜூனில் கோயில் தேர்த் திருவிழாவில் ஒரு பெண் சந்திரகாந்தியின் கையைப் பிடித்து, "ஜெர்மன் நாட்டு டீமிலை உங்கடை மகளாம்" என்று கண்கலங்கினாள். சந்திரகாந்தி மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

அதற்குள் மண்டபத்துக்குக் கொடுத்த முற்பணம் போயிற்று. பழைய கவசங்கள் ஆயிரத்து நூறு யூரோ. ஐந்து வாரக் கடைசிகளில் தொலைவான ஊர்களில் பயிற்சி, மகேந்திரராஜாதான் கூட்டிப்போனார், அதற்குப் பெற்றோல், விடுதி. சடங்குக்காகப் பன்னிரண்டு வருடம் சேர்த்ததில் பாதி மூன்று மாதத்தில் கரைந்தது. சலவைக்கூடத்தில் சனிக்கிழமை வேலையும் கேட்டு வாங்கினாள்.

ஜூன் முப்பதாம் திகதி வெள்ளிக்கிழமை புறப்பட்டார்கள். அன்று பின்னேரம் ஜெர்மனி உலகக் கிண்ணக் கால்பந்தில் காலிறுதி ஆடிக்கொண்டிருந்ததால் நெடுஞ்சாலையில் ஈ காக்காய் இல்லை. எப்போதாவது கடந்துபோன காரிலும் ஒரு கொடி பறந்தது. இந்த முப்பத்து மூன்று பாகை வெயிலில், பின்னால் ஒரு கோல் காப்பாளரின் முழுக் கவசத்தோடு ஐஸ் தேடிப் போகிற குடும்பம் தாங்கள் ஒன்றுதான் என்று சந்திரகாந்தி நினைத்தாள்.

அந்த நினைப்பு மறுநாள் காலை வாகனத் தரிப்பிடத்தில் உடைந்தது. நூற்றுக்கணக்கான கார்கள். ஒவ்வொன்றின் பின்கதவும் திறந்து, ஆள் படுக்கும் அளவு பைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மண்டபத்தின் கதவைத் தள்ளியதும் வெளியே கொதித்த கோடை சட்டென்று நின்றுபோய், மார்கழிக் குளிர் முகத்தில் அடித்தது. மூன்று ஐஸ் தளங்கள், நாற்பது அணிகள். உள்ளே போன சந்திரகாந்தி வாயைப் பிளந்தபடி நின்றாள். வெள்ளிக் கரடிச் சட்டை போட்ட பிள்ளைகள் மட்டுமே நூறு பேர் இருக்கும்.

"இவ்வளவு பேரையுமா தெரிவு செய்தார்கள்?" என்று பக்கத்தில் நின்ற பிர்கிட் என்ற தாயிடம் ஜெர்மனில் கேட்டாள். பிர்கிட்டின் மகனும் சாருகாவின் அணிதான். அந்தப் பெண் சிரித்தாள். கெட்ட சிரிப்பு அல்ல, களைத்த சிரிப்பு. நாலு வருடத்துக்கு முன்பு இந்த நிறுவனத்திடம் இருந்தது ஒரே ஒரு அணி என்றாள். அப்போது நிஜமாகவே பிள்ளைகளைப் பார்த்துத்தான் எடுத்தார்களாம். இப்போது ஒவ்வொரு வயதுக்கும் மூன்று அணி. வரும் வருடம் ஈஸ்டருக்கும் தொடங்கப்போகிறார்கள். பணம் கட்டிய எல்லோருக்கும் இடம் உண்டு. "போகாவிட்டால் என் பையன் பின்தங்கிவிடுவானோ என்று பயம். மூன்று வருடமாக நாங்கள் கடல் பக்கமே போகவில்லை" என்று சொல்லிவிட்டு, ஒரு அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பார்வையாளர் படிகளில் ஏறி உட்கார்ந்தாள்.

சந்திரகாந்தியின் நினைவில் அர்ச்சனைத் தட்டு, மச்சாளின் மரியாதை, கண்கலங்கிய பெண் எல்லாம் வரிசையாக வந்தன. காசு கொடுத்து வாங்கியதையா ஊரெல்லாம் பரிசென்று சொன்னோம் என்று அவமானமாக இருந்தது. யாரும் அவளை ஏமாற்றவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

ஆட்டம் தொடங்கியது. எதிரணி செக் நாட்டிலிருந்து வந்திருந்தது. பன்னிரண்டு வயது என்றார்கள், ஒவ்வொருவனும் கதவு அளவு இருந்தான். முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு கோல். சாருகாவின் அணிப் பிள்ளைகளுக்குத் தங்கள் பக்கத்தைவிட்டு வெளியே வரவே முடியவில்லை. வட்டு திரும்பத் திரும்ப அவளை நோக்கியே வந்தது, காலுக்கு, தோளுக்கு, முகத்துக்கு.

ஊரில், எதுவாவது கூவிக்கொண்டு வந்தால் குப்புறப் படுக்க வேண்டும் என்றுதான் சந்திரகாந்தி கற்றிருந்தாள். பங்கருக்குள் படுத்துப் படுத்துத்தான் இந்த உயிரைக் கொண்டுவந்து சேர்த்தாள். இன்றைக்கும் அவளுடைய உடம்பு ஒவ்வொரு அடிக்கும் தானாகக் குனிந்தது. அவள் பெற்ற பிள்ளையோ வருகிற ஒவ்வொன்றுக்கும் எதிரே போய் நின்றது. ஒதுங்கவில்லை, கண்ணை மூடவில்லை. விழுந்தால், வட்டு திரும்பி வருவதற்குள் எழும்பிவிட்டது. கோல் விழுந்தபோதெல்லாம் போத்தலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி குனிந்து நின்றது.

ஆட்டத்தின் பிற்பகுதியில் சந்திரகாந்தி கோல்களைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். தெரிவும் கரடியும் மறந்துபோயின. எனக்குப் பிறந்ததற்கு இது எங்கிருந்து வந்தது என்ற ஒன்றே அவளுக்குள் ஓடியது. கும்பிடத் தோன்றியது, சனத்துக்குள் வெட்கமாக இருந்ததால் கைகளைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டாள். ஆட்டம் ஏழுக்கு ஒன்று என்று தோல்வியில் முடிந்தது. எழுந்து நின்று கைதட்டிய பிர்கிட், தன் அட்டையை நீட்டிக் காட்டினாள். அடிக்கு ஒரு கோடு போட்டிருந்தாள். ஐம்பத்து மூன்று அடி. அதில் உள்ளே போனது ஏழு.

உடைமாற்றும் அறைக்கு வெளியே சாருகா முகமூடியைத் தூக்கிவிட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பிள்ளை, அந்தக் கடிதம்..."

"தெரியும் அம்மா. எங்கடை கிளப்பிலை எல்லாருக்கும் வந்தது."

"அப்பவே தெரியுமோ? ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அதைக் கோயில் தட்டிலை வைச்சனீங்கள். பிறகு எப்பிடிச் சொல்லுறது?" சாருகா கையுறையைக் கழற்றினாள். "சொன்னா விடமாட்டீங்கள் எண்டும் பயம்."

சந்திரகாந்தி பதில் சொல்வதற்குள் கைப்பையில் தொலைபேசி அடித்தது. கமலநாயகி.

"என்ன மாதிரி? வெண்டதோ? இஞ்சை வீடு நிறையச் சனம், எல்லாரும் கேக்கினம்."

என்ன சொன்னாலும் அங்கே நம்புவார்கள். அது சந்திரகாந்திக்கு நன்றாகத் தெரியும். தொலைபேசியைக் காதில் வைத்தபடி, வியர்வையில் தலைமயிர் ஒட்டிப்போன மகளைப் பார்த்தாள்.

"இல்லை மச்சாள். தோத்திட்டினம். தெரிவு எண்டதும் அப்பிடியொண்டும் இல்லை. காசு கட்டின எல்லாரையும் எடுத்தவை. நான்தான் விளங்காமல் ஊரெல்லாம் சொல்லிப்போட்டன். சடங்குக் காசிலையும் பாதி போட்டுது. ஐப்பசிக்குச் சின்ன மண்டபமாத்தான் பாக்க வேணும்."

திட்டு வரட்டும் என்று காத்திருக்க அவளால் முடியவில்லை.

"ஆனா மச்சாள், அம்பத்து மூண்டு தரம் அடிச்சவங்கள். நாப்பத்தாறைத் தடுத்தவள். எல்லாம் கல்லு மாதிரி வந்தது. நான் என்ரை கண்ணாலை பாத்தனான்."

"நாப்பத்தாறோ?"

"ஓம்."

"நோகேல்லையாமோ பிள்ளைக்கு?"

இதை இவ்வளவு நேரமும் தான் கேட்கவில்லையே என்று சந்திரகாந்திக்குச் சுரீரென்றது. தொலைபேசியைத் தாழ்த்தி மகளைக் கேட்டாள். சாருகா சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினாள். தோள்மூட்டில் உள்ளங்கை அளவுக்குக் கன்றிப்போயிருந்தது.

"நோகுதுதான். மூண்டு மணிக்கு அடுத்த மட்ச், அம்மா."

"நோகுதாம் மச்சாள்" என்றாள் சந்திரகாந்தி. "நொந்தாலும் நிப்பாளாம்."

கமலநாயகி தன் வீட்டில் கூடியிருந்தவர்களை நோக்கி, சத்தம் போடாமல் இருக்கச் சொல்வது கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "மூண்டு மணியோ? முடிஞ்ச உடனை எடும். வெண்டதோ தோத்ததோ எண்டு எனக்குச் சொல்ல வேண்டாம். எத்தினையைத் தடுத்தவள் எண்டு மட்டும் சொல்லும்."