ஆருக்குக் குளிருது என்று கேட்ட ஜெசிந்தா அக்கா

செய்தி வந்தபோது நான் பிறம்ரனில் ஒரு வீட்டு பேஸ்மன்ற்றில், தூசியடைத்த ஃபில்ரரைக் கையில் பிடித்தபடி நின்றேன். போனில் ஜெசிந்தா அக்காவின் கணவர் அன்ரன் அண்ணை. "தம்பி, அக்கா எழும்பேல்லை" என்றார். விடிந்த பிறகும் படுத்திருக்கிறாரே என்று தேத்தண்ணியோடு எழுப்பப் போயிருக்கிறார். அக்கா நித்திரையிலேயே போய்விட்டார். என் முகத்தைப் பார்த்த வீட்டுக்கார அம்மா, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸில்தான் ஏதோ பெரிய கோளாறு என்று பயந்துபோனார்.

அக்காவும் நானும் வருடக்கணக்காக ஒரே வான் வண்டியில் ஏறி, ரொறன்ரோ முழுக்க வீட்டு ஹீற்றிங் திருத்தியவர்கள். போன இடமெல்லாம் கதவு திறப்பவர்கள் அவரைத் தாண்டி என்னைத்தான் பார்ப்பார்கள். "ரெக்னீசியன் எங்கை?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். "நான்தான் அண்ணை. உவர் எனக்குக் கதவு பிடிக்க வந்தவர்" என்றார் அக்கா. அன்று முழுக்க அந்த வீட்டில் நான் கதவு பிடிக்கிறவனாகவே இருந்தேன். அதில் அக்காவுக்கு எவ்வளவு சந்தோஷம்!

றிச்மண்ட் ஹில்லில் ஒரு வீட்டுக்காரர், பனி கொட்டி ஓய்ந்ததும் கார் நிற்கிற இடத்துப் பனியை எல்லாம் அள்ளிச் சுவரோரமாகக் குவித்துவிட்டார். அங்கேதான் ஃபேர்னஸின் புகை போகும் குழாய் இருந்தது. அது அடைபட, ஃபேர்னஸ் நின்றுவிட்டது. அக்கா உள்ளே போகாமலே வெளியில் மண்டியிட்டுப் பனியைக் கிண்டினார். "மூக்கைப் பொத்திப்போட்டு ஓடு எண்டால் நீங்கள் ஓடுவியளோ? நிண்டது நல்லதுக்கு. புகை வீட்டுக்குள்ளை திரும்பியிருந்தால் என்ன கெதி?" என்று ஏசினார். மனிதர் தானும் பக்கத்தில் மண்டியிட்டார்.

அவருடைய வேலை முறையே தனி. மெசினுக்குக் கிட்டப் போக முன்னர் வீட்டாரோடு கொஞ்சம் இருப்பார். எந்த அறை குளிர்கிறது என்று கேட்க மாட்டார். "ஆருக்குக் குளிருது?" என்றுதான் கேட்பார். எனக்கு ஆரம்பத்தில் பொறுமை இருக்காது, காலை ஆட்டிக்கொண்டு நிற்பேன். அவர் கண்டுகொள்ளவே மாட்டார்.

வெக்ஸ்போர்ட் வீட்டுக் கதையை அக்காவைத் தெரிந்த உங்களில் சிலருக்கு அவரே சொல்லியிருப்பார். அந்த வீட்டில் மேல்மாடியில் ஒரு கைக்குழந்தை குளிரில் இருமிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னர் வந்து பார்த்தவர் புது ஃபேர்னஸ்தான் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அக்கா கேட்டார், "ஆருக்குக் குளிருது?" குழந்தையின் தகப்பன் சொன்னான், "எல்லாருக்கும்தான் அக்கா. ஆனா உந்தத் தேர்மோஸ்ராற் மட்டும் வீடு நல்ல சூடு எண்டு காட்டுது."

வீட்டுச் சூட்டை அளந்து ஃபேர்னஸை இயக்குகிற அந்தச் சின்னப் பெட்டி ஹோல் சுவரில் இருந்தது. அதற்கு நேர் கீழே தட்டில் இறந்துபோன அவனுடைய தகப்பனின் படம், படத்துக்கு முன்னால் அணையாத விளக்கு. விளக்கின் சூடு மேலே போய்ப் பெட்டியில் படுகிறது. பெட்டி வீடே சூடாகிவிட்டதென்று நினைத்து ஃபேர்னஸை எழுப்பாமல் விடுகிறது. மகன் உடனே, "அப்ப விளக்கை எடுத்தால் சரிதானே" என்றான். சுவரோடு இருந்த அவனுடைய தாய், "அவர் அவ்விடத்திலை நிண்டுதான் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போடுறவர்" என்று மட்டும் சொன்னார். பிறகு படத்தையும் பார்த்தார், மேலே குழந்தை இருமுகிற பக்கமும் பார்த்தார். பாவம், எதை விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"விளக்கு இருக்கட்டும் அம்மா" என்றார் அக்கா. "நாங்கள் பெட்டியை நகர்த்துவம்." சுவரைத் துளைத்து, வயரை மறுபக்கம் இழுத்து, அங்கே பெட்டியைப் பூட்டினோம். கீழே ஃபேர்னஸ் பிடித்த சத்தம் கேட்டதும் அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்காவும் அழுதார். தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்துகிறவருக்கு அந்த விளக்கை விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

போன வாரம் அக்காவின் முப்பத்தோராம் நாள் செபத்துக்குப் போனோம். வந்திருந்த நீங்களும் கவனித்திருப்பீர்கள், ஒருவரும் ஜக்கெற்றைக் கழற்றவில்லை. ஊர் வீடுகளை எல்லாம் சூடாக்கியவரின் வீடு விறைத்துக் கிடந்தது. செபம் முடிய, வீடு இப்படிக் குளிர்கிறதென்று ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை என்று அன்ரன் அண்ணையைக் கேட்டேன்.

"அவ இல்லாத வீடு இப்பிடித்தான் இருக்குமெண்டு நினைச்சன் தம்பி" என்றார்.

நான் சுவரைப் பார்த்தேன். தேர்மோஸ்ராற் நல்ல சூடு காட்டியது. அதற்கு நேர் கீழே அக்காவின் படம், படத்துக்கு முன்னால் ஒரு பெரிய மெழுகுதிரி. அக்காவின் மகள் நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "அப்பா, கான்டிலை அங்கால மூவ் பண்ணுவமா?" என்று மெல்லக் கேட்டாள். அண்ணை தலையாட்டவில்லை. "வேலைக்கு வெளிக்கிடேக்கை கடைசியா உந்தப் பெட்டியைத்தான் தொட்டுப் பாத்திட்டுப் போவா. அதாலைதான் உதிலை வைச்சனான்."

நான் வெளியே போய் வான் வண்டியில் இருந்து துளைகருவியை எடுத்து வந்தேன். அக்காவிடமிருந்து நான் கற்று வைத்திருப்பது இது ஒன்றுதான். எரிகிறதை எடுக்கச் சொல்லாமல், நகர்த்தக்கூடியதை நகர்த்துவது. பெட்டியை மறுபக்கச் சுவருக்கு மாற்றினேன். ஃபேர்னஸ் பிடித்துச் சூட்டுக்காற்று வந்தபோது அண்ணை ஜக்கெற்றைக் கழற்றி, அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் போட்டார். மெழுகுதிரி வைத்த இடத்திலேயே எரிந்துகொண்டிருந்தது.