வெள்ளவத்தை ரூமும் அம்மாட போன் கோலும்

இன்டைக்கு வெள்ளவத்தையில ஒரு ரூம் பாக்கப் போனேன். ஹெந்தளையில இருந்து ரெண்டு பஸ் மாறி கெம்பஸுக்குப் போய் வர இனி ஏலாது.

"முஸ்லிம் பிள்ளைகள் மட்டும்" என்டு போட்டிருந்த இடம். மூணு கெம்பஸ் பொம்பிளைப் பிள்ளைகள் இருக்காங்க, ஒரு கட்டில் காலி. அவங்கள்ல கதவைத் திறந்தவ நல்லாக் கதைச்சா. பிளேன்டீ ஊத்தித் தந்தா. தொழுற இடம், உடுப்புக் காயப்போடுற இடம் எல்லாம் காட்டினா.

"நாளைக்கே சாமானைக் கொண்டு வாங்க" என்டா.

அந்த நேரம் பாத்து மேசையில கிடந்த என்ட போன் அடிச்சிச்சு. "அம்மா" என்டு ஸ்கிரீன்ல விழுந்திச்சு.

"உம்மா என்டு கூப்பிடுற இல்லையா?"

"அம்மா தமிழ். கல்யாணத்துக்கு முந்தி இஸ்லாத்துக்கு வந்தவ."

"மாஷா அல்லாஹ்" என்டா. பிளேன்டீக் கோப்பையை எடுத்து உள்ளுக்கு வச்சா. பிறகு, "மத்த ரெண்டு பேரிட்டயும் ஒருக்காக் கேட்டுட்டுச் சொல்றேன்."

நான் பஸ்ல ஏறி இருக்கிறதுக்குள்ள மெசேஜ் வந்திட்டு. கட்டிலை வேற ஆளுக்குக் குடுத்தாச்சாம். ஸொரியாம்.

போன கிழமை இதே ரோட்டில ரூம் கேட்டுப் போன இடத்தில ஒரு தமிழ் அன்டி என்ட ஸ்காஃபைப் பாத்திட்டு, "நாங்கள் எங்கட ஆக்களுக்குத்தான் குடுக்கிறனாங்கள் பிள்ளை" என்டவ.

அம்மாக்கிட்ட நடந்ததைச் சொன்னேன். முழுசாக் கேட்டா. பிறகு மெதுவா, "போன்ல என்ட பேரை உம்மா என்டு மாத்திடு மகள்" என்டா.

நான் மாத்தல்ல. ஆனா அடுத்த ரூம் பாக்கப் போகக்குள்ள போனை ஓஃப் பண்ணிட்டுத்தான் போவேன்.

தெஹிவளைப் பக்கம் ரூம் ஏதும் இருந்தாச் சொல்லுங்க. யாருக்கு மட்டும் என்டதையும் சேத்துச் சொல்லுங்க.