குழியில் கொட்டிய மாவு

அடுப்புச் சாம்பலைத் தெருவில் கொட்டாதீர்கள் என்று நான் சொன்னால் நீங்கள் நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்கள். உங்கள் அம்மா என்னோடு குடித்தனம் நடத்த மறுபடி வந்ததற்குக் காரணமே சாம்பல்தான். படித்துவிட்டுச் சிரியுங்கள்.

அப்போது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் சூளைக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தேன். சூளை ஆறியதும் சாம்பல் குவிந்து கிடக்கும். யாரும் கேட்கமாட்டார்கள், நான் சாக்கில் அள்ளிவருவேன். கங்கு இருக்கிறதா என்று கிளறிப் பார்த்து, தகர டின்னில் ஒரு நாள் வைத்த பிறகுதான் தொடுவேன். பார்க்காமல் அள்ளிய ஒருவர் சாக்கோடு வேட்டியையும் கொளுத்திக்கொண்டு ரயிலடி வரை ஓடினார். சலித்த சாம்பல் பாத்திரம் துலக்க. காலையில் பனி காயுமுன் கத்தரி இலைமேல் தூவினால் அசுவினிப் பூச்சி போய்விடும். விதை உளுந்தோடு கலந்து வைத்தால் வண்டு அண்டாது. யூரியாவோடு மட்டும் கலக்காதீர்கள், உரத்தின் சத்து ஆவியாகப் போய்விடும், நாற்றம்தான் மிஞ்சும்.

நாற்றம் என்றதும் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் பெரியக்கா பிறந்தபோது அம்மா கருவேப்பிலங்குறிச்சியில் தாய்வீட்டில் இருந்தாள். அங்கிருந்து என் மாமனார் சொல்லி அனுப்பினார்: வீட்டில் கக்கூஸ் கட்டினால்தான் பெண்ணும் பிள்ளையும் வருவார்கள், பச்சை உடம்போடு ஆற்றங்கரைக்கு அனுப்ப முடியாது. நியாயம்தானே. நானும் கொல்லையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, இரண்டு பலகைக்கல் போட்டு, கீற்றால் மறைப்புக் கட்டினேன். போய்விட்டு வரும்போதெல்லாம் ஒரு கொட்டாங்குச்சி சாம்பல் போட்டால் போதும், ஈயும் வராது, வாடையும் வராது.

மாமனார் வந்து பார்ப்பதாகச் சொன்ன வாரம் பார்த்து மழை. சூளை எரியவில்லை, வீட்டிலும் சாம்பல் தீர்ந்துவிட்டது. என் மச்சான், அதாவது உங்கள் மாமா, அதே பட்டறையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்து என்னோடு தங்கியிருந்தான். அவனிடம், "மச்சான், பட்டறையில மூலையில ஒரு மூட்ட மாவு கெடக்குது, எடுத்தாந்து குழியில போட்டுடு" என்றேன்.

நான் சொன்னது முன்பு அள்ளிக் கட்டிவைத்திருந்த சாம்பலை. ஆனால் எங்கள் பட்டறையில் பொடியாக இருந்தால் எல்லாமே மாவுதான். களிமண் மாவு, கல் மாவு, சாம்பல் மாவு. பொம்மைக்கு அச்சு எடுக்கிற பிளாஸ்டரும் மாவுதான். தண்ணீர் பட்டால் சுடச்சுடக் கல்லாக இறுகிவிடும். மச்சான் எந்த மூலைக்குப் போனான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டையை முழுசாகக் கவிழ்த்தவன், தூசி பறக்கிறதே என்று இரண்டு குடம் தண்ணீரும் ஊற்றியிருக்கிறான்.

மறுநாள் காலை மாமனார் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொம்போடு நேராகக் கொல்லைக்குப் போனார். நானும் மச்சானும் வாசலில் பரீட்சை முடிவுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றோம். வெகு நேரம் கழித்து வந்தார்.

"மாப்ள, குழி எங்க இருக்குது?"

"அதான் மாமா குழி."

"குழின்னா கீழ போவணும் இல்லிங்களா. இது போவல. அங்கயே குந்திக்கினு என்னையே பாக்குது."

போய்ப் பார்த்தேன். குழி வாய்வரை வெள்ளைவெளேரென்று, தட்டினால் டங்கென்று சத்தம் வந்தது. நடுவில் மாமனாரின் காணிக்கை.

"சாம்பலு மாதிரிதான் இருந்துது மாமா" என்றான் மச்சான் என்னிடம்.

"நீ போட்ட மாவுக்கு ஒரு பொம்மையும் செஞ்சி வச்சிருக்கலாம்டா" என்றார் அவன் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். "என் பொண்ணு வரமாட்டா. போயிட்டு வரேன்."

பிள்ளையின் முகத்தை அதுவரை இரண்டு தரம்தான் பார்த்திருந்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே பக்கத்தில் புதுக்குழி தோண்ட ஆரம்பித்தேன். மச்சான் மண் அள்ளினான். மாமனார் பஸ்ஸுக்குப் போகாமல் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "கரைய நேரா வெட்டுங்க மாப்ள, சரிஞ்சிடும்" என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிவிட்டார். புதுக்குழி பழையதைவிட ஆழம். சாயங்காலம் போகும்போது, "அவகிட்ட நடந்தத சொல்லிடுவேன், அப்புறம் வரதும் வராததும் அவ இஷ்டம்" என்றார்.

மழை விட்டு சூளை எரிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அம்மா வந்தாள். இடுப்பில் பிள்ளையோடு நேராகக் கொல்லைக்குப் போய், டின்னிலிருந்து ஒரு பிடி சாம்பலை எடுத்து டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். விரலால் கலக்கிவிட்டுக் காத்திருந்தாள். நானும் பக்கத்தில் நின்றேன். மறுபடி விரலை விட்டுப் பார்த்தாள். இறுகாமல் சேறாகவே இருந்தது.

"புடிங்க" என்று பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு கீற்று மறைப்புக்குள்ளே போனாள்.