ஜட்ஜு சொன்ன தீர்ப்பு

அவரை எல்லாரும் ஜட்ஜு என்றுதான் கூப்பிடுவார்கள். மழைக்குக்கூடக் கோர்ட்டுப் பக்கம் ஒதுங்காத மனுஷர். முழு வழுக்கையும் கனத்த புருவமும்தான் அவருடைய மூலதனம். எந்தப் படத்தில் கோர்ட் சீன் வந்தாலும் உயரமான நாற்காலியில் அவரைத்தான் உட்கார வைப்பார்கள். சுத்தியலைத் தட்டணும், கண்ணாடிக்கு மேலாக முறைக்கணும், அவ்வளவுதான். வசனம் கிடையாது. வீட்டிலும் சரி கோர்ட்டிலும் சரி, இவருக்கு வாய் திறக்க உத்தரவில்லை என்று மனைவி கேலி செய்வாள்.

அந்த மகராசிக்குச் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போனது. அதற்கப்புறம்தான், விதியின் குசும்பைப் பாருங்கள், இவருக்கு வசனம் கிடைத்தது. கொலைப்பழி விழுந்த ஓர் அப்பாவிக்காக வாதாடும் வக்கீலின் கதை. முடிவில் தீர்ப்பு வாசிப்பவர் இவர். முகம் தெரியாவிட்டால் போகிறது, தியேட்டரில் உங்கள் குரலைக் கேட்பேனே என்று அவள் பூரித்துப்போனாள்.

வீடே கோர்ட்டானது. 'குற்றம் நிரூபிக்கப்படாததால் விடுதலை செய்கிறேன்' என்று சொல்லணும். இவருக்கோ நாக்கு புரண்டு 'நிரூபிக்கப்பட்டதால்' என்றே வரும். வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் திருத்துவாள். அநியாயமாக ஒருத்தனை உள்ளே தள்ளாதீர்கள் என்பாள். திருத்தித் திருத்தித் தீர்ப்பு முழுக்க அவளுக்கு மனப்பாடம்.

படப்பிடிப்பில் பிசகாமல் சொல்லிவிட்டார். பேசினதே படத்தில் வரும் என்று நம்பினார், பாவி மனுஷர். டப்பிங் என்று ஒன்று இருப்பதை அவர் யோசிக்கவே இல்லை. வாழ்நாளில் வாயே திறக்காத நடிகரை டப்பிங்குக்கு யார் கூப்பிட்டார்கள்?

படம் வந்தது, மண்ணைக் கவ்வியது. கொலைகாரன் யாரென்று இடைவேளைக்கு முன்பே பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிட்டது. வக்கீல் வாதாடியதைவிடக் கத்தியதே அதிகம். படத்தைத் தூக்கிவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவசர அவசரமாக அவளை மதியக் காட்சிக்குக் கூட்டிப்போனார்.

தியேட்டரில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் சிலர் வக்கீலுக்குத் தொண்டை மாத்திரை கொடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். தீர்ப்பு வந்தது. திரை நிறைய இவர் முகம். வாய் அசைந்தது. வந்ததோ வேறு யாரோ ஒருவருடைய கட்டைக் குரல். 'நிரூபிக்கப்படாததால்' என்று அட்சரம் பிசகாமல் சொன்னது.

அவள் இவர் கையை இறுக்கிப் பிடித்தாள். "என்னங்க, இது உங்க வசனமாச்சே. வேற எவனோ பேசறான்?"

உலகத்துக்கு முகம் போதும். இவளுக்கு மிச்சமிருந்தது அந்தக் குரல் ஒன்றுதான், அதைத்தானே தூக்கிப் போட்டிருக்கிறார்கள்! அதை எந்த வாயால் சொல்வார்?

"ஆமா," என்றார். "வேற ஆளைப் போட்டுட்டாங்க."

"எந்திரிங்க. நீங்க இல்லாத படத்துல நமக்கென்ன வேலை?"

திரையில் ஜட்ஜு இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். தரையில் ஜட்ஜு மனைவியைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தார். வாசலில் அவள் நின்றாள். எனக்காக ஒருதரம் சொல்லுங்கள், அது போதும் என்றாள்.

இவர் தொண்டையைச் செருமினார். "குற்றம் நிரூபிக்கப்பட்டதால்..." என்று ஆரம்பித்தார்.

அவள் திருத்தவில்லை.