நாலு இஞ்சின் யுகேந்திரன்

ஒரு பொருள் பழுதாகாமலே பயனற்றுப் போக முடியுமா? முடியும் என்றால், அதைக் காட்டி நிமிர்ந்து நடந்தவன் பிறகு எதைக் காட்டி நடப்பான்? யுகேந்திரனின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டது.

மலேசியாவில், பீடோருக்கு உள்ளே, ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்த ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அப்பா பிச்சைமுத்து அங்கே குலை வெட்டினார். மகன் விமானப் பழுதுபார்ப்பு படித்து, தலைநகரில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு மாடியும் நான்கு இஞ்சினும் கொண்ட ராட்சத விமானத்துக்கு உரிமம் வாங்கினார். அந்தத் தொழிலில் ஒவ்வொரு ரகத்துக்கும் தனி உரிமம் வேண்டும். ஒன்றைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் இன்னொன்றுக்குப் போட முடியாது. இரண்டு இஞ்சின் விமானத்துக்கும் பயிற்சி எடுக்கிறீர்களா என்று நிறுவனம் ஒருமுறை கேட்டது.

"நாலு பாத்த கைக்கு ரெண்டு எதுக்கு லா?" என்று சிரித்துவிட்டார். அப்போது அது தவறாகத் தெரியவில்லை.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில், ஆடித் திருவிழாவன்று ஒருவருக்கு முதல் பரிவட்டம் கட்டுவார்கள். முன்பெல்லாம் அந்த மரியாதை தோட்டத்து அலுவலகத்தின் தலைமைக் கணக்கரான பெரிய கிராணிக்குப் போனது. யுகேந்திரன் பெரிய விமானத்தில் சேர்ந்த பிறகு ஆண்டுதோறும் அவருக்கே வந்தது. அது தனக்கு உரியது என்று அவர் மெல்ல மெல்ல நம்பிவிட்டார்.

மனைவி தினேஸ்வரியின் தம்பி சுரேனும் அதே தோட்டத்துப் பிள்ளை, அதே தொழில்தான். ஆனால் அவன் பார்த்தது மலிவுக் கட்டண நிறுவனத்தின் சிறிய விமானங்களை. ஈப்போவில் அவன் புதுவீடு புகுந்த அன்று, பந்தியில் நாற்பது பேர் முன்னால் யுகேந்திரன் குரலை உயர்த்தினார்.

"மச்சான், உன் மினி பஸ்ஸு எப்படி ஓடுது? கண்டக்டர் வேலையும் நீதானா?"

பந்தி சிரித்தது. "ஆமா மச்சான், டிக்கட் வேணுமா?" என்று சுரேனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் பாயசத்தைத் தொடவில்லை.

பெருந்தொற்றில் எல்லா விமானங்களும் தரையிறங்கின. சிறியவை மறுபடி ஏறின. யுகேந்திரனின் நிறுவனம் பெரியவற்றை ஒதுக்கியே வைத்து, பிறகு கைவிட்டது. ஒரு மே மாதம் அவருக்கு வேலை போனது. தினேஸ்வரியிடம் மட்டும் சொன்னார். "வெளிய சொல்லாதே" என்றும் சொன்னார். சுரேனுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்தத் தொழிலில் செய்தி தங்காது.

ஆடி வந்தது. பழைய நிறுவனத்தின் சட்டையையே போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். கோயில் தலைவர் சின்னையா மைக்கைப் பிடித்தார்.

"ஒலகத்துலேயே பெரிய பிளேனுக்கு வைத்தியம் பாக்குறவரு நம்ம எஸ்டேட்டு ஆளு! கைதட்டுங்க லா!"

பரிவட்டத் தட்டை ஏந்தி நின்றவன் சுரேன். ஒரு வார்த்தை போதும், பந்தியின் பழியைத் தீர்த்திருக்கலாம். அவன் சொன்னதெல்லாம் இதுதான்: "கொஞ்சம் குனிங்க மச்சான், பூசாரிக்கு எட்டல."

குனிந்தார். துணி தலையில் இருந்த அந்த ஒரு மணி நேரம் யார் முகத்தையும் அவரால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் துணியைச் சின்னையாவிடம் திருப்பிக் கொடுத்தார். "இது எனக்கு இல்லண்ணே. வேல போயி மூணு மாசமாச்சு."

"அலாமா!" என்றார் சின்னையா. "நான் வேற மைக்குல கத்திட்டேனே!"

அங்கிருந்து நேரே சுரேன் வீட்டுக்குப் போனார்.

"நேத்து ஏன்டா சொல்லல?"

"மைக்கு என் கையிலயா இருந்துச்சு? தட்டுதானே இருந்துச்சு."

யுகேந்திரன் வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு, "அந்தப் பிளேன்ல ஒரு கொறையும் இல்லடா" என்றார்.

"யாரு இருக்குன்னா? நம்ம எஸ்டேட்ல ஒசந்த செம்பனைய ஊசி போட்டுச் சாவடிச்சாங்களே, காய்க்கலன்னா? நல்லாத்தான் காய்ச்சுது. குலை வெட்டுற கழி எட்டல. ஐந்நூறு பேர தினமும் எங்க போய்ப் புடிக்கிறது, மச்சான்? முன்ன எல்லாரையும் ஒரு பெரிய ஏர்போட்டுக்குக் கொண்டாந்து ஒண்ணா ஏத்துனாங்க. இப்ப சனங்க அவங்கவங்க ஊர்லேருந்து நேரா போணுங்கிறாங்க. ரெண்டு இஞ்சினே கடலத் தாண்டுது. அப்புறம் நாலுக்கு எவன் எண்ணெ ஊத்துவான்? பழசா வாங்கவும் ஆளில்ல. பிரிச்சு வித்தாத்தான் ஏதாச்சும் தேறும்."

அந்த உயர்ந்த மரங்களில் குலை வெட்டியவர் பிச்சைமுத்து. அண்ணாந்து அண்ணாந்து அவர் கழுத்து பிடித்துக்கொண்டதை, இரவில் தைலம் தேய்த்துவிட்ட மகன் அறிவார். மரத்தில் குறை இல்லாமலே மரம் வேண்டாததாகிவிடும் என்பது யுகேந்திரன் பத்து வயதில் கண்ணால் கண்ட உண்மை. விமானம் என்று வந்தபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. அதன் உயரத்தைத் தன் உயரமாக எடுத்துக்கொண்டிருந்தார். வேலை போனதைவிட இதுதான் அவரை அதிகம் கூசவைத்தது.

"அன்னைக்கு பந்தியில…" என்று ஆரம்பித்தார்.

"விடுங்க. எங்க எடத்துல ஆள் தேடுறாங்க. பயிற்சியும் அவங்களே குடுப்பாங்க. மினி பஸ்ஸுக்கு வாறீங்களா?"

"வாரேன்" என்றார் யுகேந்திரன்.

நாற்பத்தாறு வயதில், மகன் வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்தார். முதல் தேர்வில் தவறினார், இரண்டாவதில் தேறினார். உரிமம் கிடைத்தது. வேலைக் கடிதமும் வந்தது. சேர வேண்டிய நாளுக்கு முந்தின மாலை ஈப்போவுக்குப் போய், கடிதத்தைச் சுரேனிடம் நீட்டினார்.

"மன்னிச்சுக்க மச்சான். நான் வரல."

"என் பேச்ச நம்பித்தானே எடம் குடுத்தாங்க! ஏன், என்னாச்சு?"

யுகேந்திரன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மறுவாரம் ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயில், கேமரன் மலைக்கு ஏறும் பஸ்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்தார். அதை, பந்தியில் தம்பியை மினி பஸ் என்று கேலி செய்ததற்குத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட தண்டனை என்று தினேஸ்வரி நினைக்கிறார். சிறிய விமானத்தைத் தொட மனமில்லாத வீம்பு இன்னும் அடங்கவில்லை என்கிறான் சுரேன். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஏன் என்று யார் போய்க் கேட்டாலும், "இரு, பிரேக் பாத்துட்டு வாரேன்" என்று பஸ்ஸுக்கு அடியில் போய்விடுகிறார்.