கரண்ட் போனால்தான் பாட்டு

முதலில் நினைவுக்கு வருவது கரண்ட் போகிற சத்தம்தான்.

அதற்கு ஏது சத்தம் என்று கேட்பீர்கள். தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். பல்லடத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். விடிந்ததிலிருந்து தறிகள் டடக் டடக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். திடீரென்று கரண்ட் போகும். ஒவ்வொரு தறியாக இழுத்து இழுத்து ஓயும்... கடைசித் தறியும் நின்ற அந்த நொடியில், ஜன்னல் மேலிருக்கும் அப்பாவின் டேப் ரிக்கார்டர் மட்டும் தனியாக அலறும்.

பேட்டரிக் கட்டையில் ஓடுகிற டேப் ரிக்கார்டர். எப்போதும் ஃபுல் வால்யூம். தறிச் சத்தத்துக்கு மேலே பாட்டு ஏற வேண்டுமே! தறி நின்றால் அதே பாட்டு தெருமுனை வரைக்கும் போகும். எதிர்வீட்டு அக்கா வாசலுக்கே வந்துவிடுவார்.

"ஏனுங்க மாமா, ஊட்டுல கண்ணாலமுங்களா? எங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவேயில்லை!"

அப்பா குறைக்க ஓடுவார். அம்மா விடமாட்டார். "இருக்கட்டும் உடுங்க. இப்பத்தான் பாட்டுன்னு ஒண்ணு காதுல உழுகுது."

கையில் அறுந்த நூலோடு, தலையெல்லாம் பஞ்சோடு, அப்படியே நின்று கேட்பார். கரண்ட் வந்தால் வேலை. போனால் பாட்டு.

நம் ஹாஸ்டலில் என் முதல் நாள் இந்த குரூப்பில் இருக்கும் உங்கள் யாருக்கும் மறந்திருக்காது. "சீப்பு இருந்தாக் குடுங்க" என்றுதான் கேட்டேன். யாருக்குள் சண்டை என்று விசாரிக்க வார்டன் மாடியேறி வந்துவிட்டார். அன்றைக்கே எனக்கு 'ஸ்பீக்கர்' என்று பெயர் வைத்தீர்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஆனால் அதற்கப்புறம், மனதுக்குள் வால்யூமைக் குறைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். இப்போது ஆபீஸில் என்னை 'சாஃப்ட் ஸ்போக்கன்' என்கிறார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடமெல்லாம் 'டெக்ஸ்டைல்ஸ்' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்... உங்களிடமும்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வேலைக்காக அடிக்கடி வெளியூர் போகிறேன், ஹோட்டல் அறையில் நல்ல தரத்தில் பாட்டு கேட்க எந்த லேப்டாப், எந்த ஹெட்ஃபோன் வாங்கலாம் என்று போன வாரம் இந்த குரூப்பில் கேட்டேன் அல்லவா? உள்ளே ஃபேன் சுற்றாத லேப்டாப்பாக எடு, மெதுவான பாட்டில் அந்த இரைச்சல்கூடத் தொந்தரவு என்றாள் மாலதி. லேப்டாப் கிடக்கட்டும், டாக் என்கிற கருவிதான் முக்கியம் என்றாள் ரேவதி. தீப்பெட்டி அளவுதான் இருக்கும், லேப்டாப்புக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவில் மாட்டினால் பாட்டில் மறைந்திருப்பதெல்லாம் வெளியே வரும் என்று படம் வேறு அனுப்பினாள்.

சனிக்கிழமை வீட்டுக்காரரோடு டவுனில் ஒரு கடைக்குப் போனேன்.

மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட அறை. உள்ளே அப்படியொரு அமைதி. இரண்டு மூன்று பேர் கண்ணை மூடிப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடையில் இருந்த பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டுக் காட்டினாள். முதலில் போனில் கேட்கிற சாதாரண ஃபைல். அடுத்தது எதையும் சுருக்காத ஒரிஜினல், டாக் வழியாக.

என் வீட்டுக்காரர் கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்குள் வளர்ந்தவர். மட்டை விழுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். ஹெட்ஃபோனை மாட்டிய உடனே சொன்னார்: "ரெண்டாவதுதானுங்க நல்லாருக்குது. சலங்கை ஒவ்வொண்ணும் தனித்தனியாக் கேக்குது."

நான் மாட்டினேன். முதலாவது... இரண்டாவது... எனக்கு இரண்டும் ஒன்றுதான். சலங்கையே கேட்கவில்லை.

"ஆமாங்க, நல்லாத் தெரியுதுங்க" என்று சொல்லிவைத்தேன். சொல்லிக்கொண்டே வால்யூமை ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். அதற்கு மேல் நகரவில்லை.

"இவ்வளவுதானுங்களா? இதுக்கு மேல வெக்க முடியாதுங்களா?"

மெதுவாகத்தான் கேட்டதாக நினைப்பு. மூடியிருந்த கண்களெல்லாம் திறந்து என்னைப் பார்த்தன. ஒருவர் ஹெட்ஃபோனையே கழற்றிவிட்டார். வீட்டுக்காரர் என் ஹெட்ஃபோனை ஒரு பக்கம் விலக்கி, "ஏம்புள்ள, கடையே திரும்பிப் பாக்குது" என்றார்.

கடைப் பெண் மட்டும் முகம் மலர்ந்து கேட்டாள்: "அக்கா, நீங்க பல்லடம், சோமனூர் பக்கமுங்களா? எங்கூட்டுலயும் தறிதானுங்க. எங்கம்மாவும் இப்படித்தானுங்க. அது பேசறதுக்குப் போனே தேவையில்லீங்க, ஜன்னலத் தொறந்தாப் போதும்!"

எல்லாரும் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லீங்க... போத்தனூருங்க" என்றேன்.

போத்தனூர் பொய்யில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறோம். ஆனால் அவள் கேட்டது அதை அல்ல.

"ஓ... சரிங்க மேடம்" என்றாள். அவ்வளவு நேரம் அக்காவாக இருந்த நான், மேடம் ஆகிவிட்டேன்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர்தான் காரை ஓட்டினார். ரோட்டைப் பார்த்தபடியே, "அந்தப் புள்ள ஊரைத்தான கேட்டுச்சு. ஆஸ்தியவா எழுதிக் கேட்டுச்சு?" என்றார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

தறிகளை எடைக்குப் போட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. குடோன் இருந்த இடத்தில் தம்பியின் கார் நிற்கிறது. அம்மா மட்டும் இன்னும் தறிக்கு மேலே பேசுகிற மாதிரியே பேசுகிறார். அவர் போன் வந்தால், பக்கத்தில் ஆள் இருந்தால், நான் எழுந்து வெளியே போய்விடுவேன். வெளிச் சத்தம் கேட்டு, நான் வேலையாக வெளியே வந்திருப்பதாகத்தான் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

என்ன வாங்கினாய், என்ன வாங்கினாய் என்று நீங்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஒன்றும் வாங்கவில்லை. முதலில் காதை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அப்போதெல்லாம் தறி நின்றால் போதும், பாட்டு தானாகக் கேட்கும். இப்போது ஓசையில்லாத லேப்டாப் இருக்கிறது, கண்ணாடிக் கதவு போட்ட அறை இருக்கிறது. என் காதுக்குள் மட்டும் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது... அங்கே கரண்ட் போவதே இல்லை.

என்றைக்காவது மறுபடியும் அந்தக் கடை மாடி ஏற வேண்டியிருக்கும். பல்லடம்தானுங்க என்று அவளிடம் சொல்லிவிடலாம். அதற்கப்புறமும் அக்கா என்று கூப்பிடுவாளா என்றுதான் தெரியவில்லை.